வீட்டுப் போறணையில் தட்டுப் பீட்சா: இத்தாலியக் குடும்பச் சமையல் பற்றிய கேள்வி பதில்

சிசிலித் தீவின் பலெர்மோ நகரில் 22 வருடங்களாக வசிக்கிறேன். அவற்றில் 9 வருடங்கள் ஒரு குடும்பத்தின் குசினியில், அந்த வீட்டு மூதாட்டியின் பக்கத்தில் நின்று சமைத்தேன். நான் கேட்டுக்கொண்டதற்கிணங்க, வீட்டில் பீட்சா செய்வது பற்றிப் பலர் கேள்விகள் அனுப்பியிருக்கிறார்கள். ஒரே விடயத்தைக் கேட்டவற்றை ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: அக்கா, கடையில் கிடைப்பது போல விளிம்பு பொங்கிய, நடுவில் மென்மையான வட்டப் பீட்சா எனக்கு ஒருநாளும் வரவில்லை. ஒவ்வொரு முறையும் பிஸ்கட்டு மாதிரி காய்ந்துபோகிறது. மாவைப் பிசைவதில் பிழையா?

பதில்: உங்கள் கையில் பிழை இல்லை, போறணையின் சூடுதான் போதாது. நீங்கள் சொல்லும் வட்டப் பீட்சா நாப்போலி நகரத்து வகை. அந்த நாப்போலி பீட்சாவுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2010 ஆம் ஆண்டு மரபுச் சிறப்பு உணவு என்ற தகுதியை வழங்கியது. அதற்கென எழுதப்பட்ட விதிகளின்படி, விறகுப் போறணையின் தளம் ஏறத்தாழ 485 பாகை செல்சியசில் இருக்க வேண்டும், பீட்சா 60 முதல் 90 விநாடிக்குள் வெந்துவிட வேண்டும். வீட்டு மின்சாரப் போறணையோ பெரும்பாலும் 250 பாகையோடு நின்றுவிடுகிறது. அந்தச் சூட்டில் மெல்லிய மாவைப் பத்து நிமிடம் வைத்தால், மேற்பக்கம் நிறம் பிடிப்பதற்குள் உள்ளிருக்கும் ஈரம் எல்லாம் ஆவியாகிவிடும்.

நான் சமைத்த வீட்டில் வட்டப் பீட்சா செய்ததே இல்லை. அதற்குக் கடைக்குப் போவார்கள். வீட்டில் செய்தது, எண்ணெய் தாராளமாகப் பூசிய செவ்வகத் தட்டில் தடிப்பாகப் பரப்பி, 220 பாகையில் அரை மணித்தியாலம் வேகவிடும் பீட்சா. தென்னித்தாலியின் பல பகுதிகளிலும் இப்படி ஒரு தட்டுப் பீட்சா உண்டு. அது வீட்டுச் சூட்டுக்கென்றே அமைந்தது. ஆகவே கடையைப் பின்பற்றுவதை விட்டு, வீடுகளைப் பின்பற்றுங்கள் என்பதே என் முதல் வேண்டுகோள். (யாழ்ப்பாணத்தில் நாம் சொல்லும் போறணை, குசினி, பாண் மூன்றும் போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொற்கள். இத்தாலிய மொழியில் அவை ஃபோர்னோ, குச்சீனா, பானே. வந்த புதிதில் எனக்கு முதலில் வசப்பட்ட சொற்களும் இவையே.)

கேள்வி: பலெர்மோ வீடுகளில் செய்யும் பீட்சாவின் முழுச் செய்முறையையும் அளவோடு தருவீர்களா?

பதில்: அதன் பெயர் ஸ்பிஞ்சோனே. கடற்பஞ்சைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர் என்பார்கள்; வெட்டிப் பார்த்தால் உள்ளே பஞ்சு போலவே இருக்கும். மூன்று சில்லு வண்டிகளில் வைத்துத் தெருவிலும் விற்பார்கள். ஆனாலும் டிசம்பர் 8 ஆம் திகதி வரும் மாதா திருநாளுக்கு முதல் நாள் மாலையில் எந்தத் தெருவால் நடந்தாலும் வீடுகளுக்குள்ளிருந்து இதன் வெங்காய மணம் வரும்.

30க்கு 40 சென்ரிமீற்றர் தட்டுக்கு 300 கிராம் செமொலா மாவும் 250 கிராம் கோதுமை மாவும் எடுத்து, 390 கிராம் தண்ணீர், 5 கிராம் உலர் ஈஸ்ட், 12 கிராம் உப்பு, 30 கிராம் ஒலிவ் எண்ணெய் சேர்த்துப் பிசையுங்கள். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால் போதும். 50 பாகையைத் தாண்டினால் ஈஸ்ட் மடியத் தொடங்கும். மா கையில் ஒட்டும். அதற்காக மேலும் மாவைத் தூவாதீர்கள், கையில் எண்ணெயைப் பூசுங்கள். மூடி வைத்து இரண்டு மணித்தியாலத்தில் இருமடங்காகப் பொங்க வேண்டும். மூதாட்டி அந்தப் பாத்திரத்தின் மேல் தன் கம்பளிப் போர்வையை நான்காக மடித்துப் போடுவார். அந்த நேரத்தில் குசினி யன்னலைத் திறக்க எவருக்கும் அனுமதியில்லை.

இதன் சுவை வெங்காயத்தில் இருக்கிறது. 600 கிராம் வெங்காயத்தை மெல்லிதாக அரிந்து, எண்ணெயில் வதக்காமல், ஒரு குவளைத் தண்ணீரும் உப்பும் விட்டு மூடி, சிறு தீயில் 20 நிமிடம் அவியவிடுங்கள். தண்ணீர் வற்றி வெங்காயம் கண்ணாடி போலக் குழைந்த பிறகே எண்ணெயை விட வேண்டும். முதலிலேயே எண்ணெயில் போட்டுச் சிவக்கவிட்டால், பின்னர் போறணையில் இருக்கும் அரை மணித்தியாலத்தில் அது கசந்துவிடும். பிறகு 500 கிராம் தக்காளிச் சாறு சேர்த்து, கரண்டியில் எடுத்தால் வழியாமல் நிற்கும் பதம் வரும்வரை இன்னும் அரை மணித்தியாலம் வற்றவிட்டு, நன்றாக ஆறவிடுங்கள்.

அடுக்கும் முறைதான் புதியவர்களுக்கு வியப்பாக இருக்கும், ஏனெனில் சீஸ் தக்காளிக்குக் கீழே போகிறது. பொங்கிய மாவைத் தட்டில் விரல் நுனியால் பரப்பி, உப்பிலிட்ட நெத்தலித் துண்டுகள் எட்டோ பத்தோ, 150 கிராம் கச்சியோகவல்லோ என்ற கெட்டியான சீஸ் துண்டுகள் ஆகியவற்றை மாவுக்குள் புதைய அழுத்துங்கள். மூதாட்டி ஆட்காட்டி விரலால் ஒவ்வொன்றையும் அடித்தட்டில் முட்டும்வரை அழுத்துவார்; மேலோடு வைத்தால் விரலைப் பிடித்துத் திரும்ப அழுத்தச் சொல்வார். மேலே கிடந்தால் நெடுநேரச் சூட்டில் சீஸ் காய்ந்து கருகும். கீழே இருந்தாலோ உருகும் கொழுப்பு மாவில் ஊறி, தக்காளியின் ஈரம் இறங்காமல் தடுக்கும். அதன் மேல் வெங்காயக் கூட்டைப் பரப்பி, பழைய பாணைத் துருவி எடுத்த 80 கிராம் தூளோடு ஒரு கைப்பிடி துருவிய சீசும் ஒறிகனோ என்ற உலர்ந்த மூலிகையும் கலந்து தூவி, எண்ணெயைச் சுற்றி ஊற்றுங்கள். தட்டிலேயே ஒரு மணித்தியாலம் மீண்டும் பொங்கவிட்டு, 220 பாகையில் 30 நிமிடம் வேகவிடுங்கள்.

கேள்வி: செமொலா என்பது ரவைதானே? ரவையைப் போட்டேன், மா நறநறவென்று இருந்தது.

பதில்: இரண்டும் வேறு. செமொலா, பாஸ்டாவுக்குப் பயன்படும் துரும் என்ற கடினக் கோதுமையிலிருந்து வருவது. பீட்சாவுக்கும் பாணுக்கும் அதை இரண்டாவது முறையும் அரைத்து மாவாக்கி, ‘ரிமச்சினாத்தா’, அதாவது மீள அரைத்தது, என்று பொதியில் எழுதி விற்பார்கள். அது இளமஞ்சளாக, விரலிடையில் தேய்த்தால் மிக மெல்லிய மணல் போலத் தென்படும். கிடைக்காவிட்டால் முழுவதும் பாண் செய்யும் வெள்ளைக் கோதுமை மாவிலேயே செய்து, தண்ணீரை 30 கிராம் குறையுங்கள். மஞ்சள் நிறமும் ஒரு தனி வாசனையும் இல்லாமற் போகும், அவ்வளவே.

கேள்வி: நாங்கள் மீன் உண்பதில்லை. நெத்தலியை விட்டுவிட்டால் சுவை கெடுமா?

பதில்: கெடாது, ஆனால் நெத்தலி தந்த உப்பும் ஆழமும் வேறெங்கிருந்தாவது வர வேண்டும். கழுவிய கேப்பர் மொட்டுகள் இரண்டு மேசைக்கரண்டியும், கொட்டை நீக்கிய கறுப்பு ஒலிவ் ஒரு பிடியும் அதே முறையில் மாவுக்குள் அழுத்துங்கள். பலெர்மோவுக்கு அருகிலுள்ள பகெரியா ஊரில் தக்காளியே இல்லாத வெள்ளை ஸ்பிஞ்சோனே உண்டு. அவித்த வெங்காயம், ரிக்கொத்தா அல்லது தூமா என்ற உப்பிடாத இளஞ்சீஸ், மேலே தடிப்பாகப் பாண்தூள். அதிலும் வழக்கமாக நெத்தலி போடுவார்கள்; ஆனால் அதை நீக்கினால் இழப்புத் தெரியாதது இந்த வெள்ளை வகையில்தான் என்பது என் அனுபவம்.

கேள்வி: மேலே அழகாகச் சிவக்கிறது, அடி மட்டும் வெள்ளையாக, ஈரமாக இருக்கிறது.

பதில்: முதல் 12 நிமிடம் தட்டைப் போறணையின் ஆகக் கீழ்த் தட்டில் வைத்து, பிறகு நடுவுக்கு மாற்றுங்கள். பளபளக்கும் அலுமினியத் தட்டைவிடக் கறுத்த இரும்புத் தட்டு அடியைச் சிறப்பாகப் பொரிக்கும். வெந்துவிட்டது என்று தோன்றும்போது கத்தி நுனியால் ஒரு மூலையைத் தூக்கிப் பாருங்கள். அடி தேன் நிறத்தில் இருந்தால் இறக்கலாம். இறக்கியதும் கம்பித் தட்டுக்கு மாற்றுங்கள், இல்லையேல் தன் ஆவியிலேயே மீண்டும் நனைந்துவிடும்.

கேள்வி: பாரி நகரத்தார் மாவில் உருளைக்கிழங்கு சேர்ப்பார்களாமே, எதற்காக?

பதில்: மென்மைக்காக. பூலியா மாநிலத்தின் பாரியில் செய்யும் ஃபொக்காச்சா என்ற தட்டைப் பாணில் அவித்து மசித்த உருளைக்கிழங்கு சேரும். அதன் மாப்பொருள் நீரைப் பிடித்து வைத்துக்கொள்வதால் மறுநாளும் மிருதுவாக இருக்கும். மேலே சொன்ன மா அளவுக்கு 120 கிராம் கிழங்கைச் சூடாகவே மசித்துச் சேர்த்து, தண்ணீரை 60 கிராம் குறையுங்கள். சிறு தக்காளிகளைக் கத்தியால் வெட்டாமல், கையால் பிய்த்து, சாறு மாவின் மேல் சிந்தும்படி வாய்ப்பக்கம் கீழாக அழுத்த வேண்டும். உப்பும் ஒலிவும் ஒறிகனோவும் போதும், சீஸ் வேண்டாம். விறகுப் போறணை மூட்டி வாரப் பாண் சுட்ட நாட்களில், பாணுக்கு அதிகமாக இருந்த முதற்சூட்டை வீணாக்காமல் முதலில் ஃபொக்காச்சாவைத் தள்ளிச் சுட்டார்கள் என்று அங்குள்ளவர்கள் சொல்வார்கள். ஆகவே இதை ஸ்பிஞ்சோனேயைவிடக் கூடிய சூட்டில், 240 பாகையில் சுடுங்கள்.

கேள்வி: அக்கா, நான் தங்கியிருக்கும் அறையில் போறணையே இல்லை. ஓர் அடுப்பு மட்டும் உண்டு.

பதில்: அப்படியென்றால் நாப்போலிக் குடும்பங்கள் பொரித்த பீட்சா உங்களுக்குப் பொருந்தும். இரண்டாம் உலகப் போரின் பின், போறணையும் சீசும் அரிதாகிப்போன காலத்தில், பெண்கள் தெருவாசலில் எண்ணெய்ச் சட்டியை வைத்து மாவைப் பொரித்து விற்றார்கள். இன்று தின்றுவிட்டு எட்டு நாளில் காசு தரலாம் என்று கடனுக்கும் கொடுத்தார்கள். பொங்கிய மாவை 80 கிராம் உருண்டைகளாக்கி, அரை மணித்தியாலம் ஓயவிட்டு, கையால் நடுவை மெல்லிதாக்கி, 180 பாகை எண்ணெயில் பக்கத்துக்கு ஒரு நிமிடம் பொரியுங்கள். மேற்பக்கத்தில் கரண்டியால் எண்ணெயை அள்ளி ஊற்றினால் உப்பிவரும். எண்ணெயை வடியவிட்டு, சூடான தக்காளிக் கூட்டு ஒரு கரண்டி, துருவிய சீஸ், துளசியினத்து பசில் இலை ஒன்று வைத்து உடனே உண்ணுங்கள்.

கேள்வி: காலையில் வேலைக்குப் போகிறேன். மாவை முதல்நாளே பிசைந்து வைக்கலாமா?

பதில்: வைக்கலாம், வைப்பதே நல்லது. ஈஸ்டை 5 கிராமிலிருந்து ஒன்றரைக் கிராமாகக் குறைத்து, எண்ணெய் பூசிய பாத்திரத்தில் மூடி, 4 பாகைக் குளிரில் 18 முதல் 24 மணித்தியாலம் வையுங்கள். சமைக்க இரண்டு மணித்தியாலத்துக்கு முன் வெளியே எடுத்து வையுங்கள். குளிரோடு பரப்பினால் ரப்பர் போலச் சுருங்கிக்கொள்ளும்.

கேள்வி: மிஞ்சியதை எப்படிச் சூடாக்குவது?

பதில்: நுண்ணலை அடுப்பில் வைக்காதீர்கள், மா தோல் போலாகிவிடும். எண்ணெய் விடாத இரும்புச் சட்டியில் அடிப்பக்கம் கீழாக வைத்து, மூடி, சிறு தீயில் ஐந்து நிமிடம் விடுங்கள். ஸ்பிஞ்சோனேயை மட்டும் நான் சூடாக்குவதில்லை. மறுநாள் காலையில் வெங்காயமும் எண்ணெயும் மாவில் முழுதாக இறங்கியிருக்கும். அதை ஆறியபடியே, கோப்பியோடு உண்பேன்.