ஒரு கோடி வரி உள்ள டெக்ஸ்ட் ஃபைலை போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் வேகமாக ஏற்றுவது எப்படி?

முதலில் அந்த ஸ்கிரிப்டை நிறுத்திவிடுங்கள். ஜியோநேம்ஸ் தளத்தின் உலக ஊர்ப்பெயர் ஃபைலை இறக்கி, பைத்தானில் லூப் போட்டு, ஒவ்வொரு வரிக்கும் ஒரு இன்சர்ட் (வரியைச் சேர்க்கும் கட்டளை), ஒவ்வொரு இன்சர்ட்டுக்கும் ஒரு கமிட் என்று எழுதியிருக்கிறீர்கள். ராத்திரி ஓடவிட்டுத் தூங்கப் போனால் காலையில் பாதிகூட ஏறவில்லை, நடுவில் ஏதோ பிழை வேறு வந்து நின்றுவிட்டது என்கிறீர்கள். நானும் இதே தப்பைச் செய்தவன்தான், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

கமிட் என்பது, எழுதியதை டிஸ்க்கில் பத்திரமாக வைத்துவிட்டேன் என்று டேட்டாபேஸ் உங்களுக்குச் சத்தியம் செய்து கொடுக்கிற இடம். வரிக்கு ஒரு சத்தியம் கேட்டால் வரிக்கு ஒருமுறை டிஸ்க்குக்காகக் காத்திருக்க வேண்டியதுதான். எஸ்கியூலைட் என்ற சிறிய டேட்டாபேஸின் ஆவணத்தில் இதற்கு ஒரு கணக்கு உண்டு: சாதாரணக் கம்ப்யூட்டரிலேயே நொடிக்கு 50,000 இன்சர்ட் போகும், ஆனால் நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் டிஸ்க்கில் நொடிக்கு 60 டிரான்சாக்ஷன் (கமிட்டில் முடியும் ஒரு தொகுதி வேலை) போனால் அதிகம். எஸ்எஸ்டியில் நிலைமை எவ்வளவோ மேல், சரி. ஆனால் சர்வர் வேறு இடத்தில் இருந்து, ஒருமுறை போய்வர 1 மில்லிசெகண்ட் ஆகிறது என்று வையுங்கள். ஒரு கோடி வரிக்கு 10,000 நொடி, அதாவது இரண்டே முக்கால் மணி நேரம், வெறுமனே போய்வந்ததற்கு மட்டும். பல வரிகளை ஒரே அழைப்பில் கொடுக்கும் எக்ஸிக்யூட்மெனி போட்டும் வேகம் கூடவில்லை என்று கேட்டிருந்தீர்கள். பைத்தானைப் போஸ்ட்கிரெஸோடு இணைக்கும் சைக்கோபிஜி 2-இல் அது உள்ளுக்குள் அதே லூப்தான், அவர்கள் ஆவணத்திலேயே அப்படித்தான் எழுதியிருக்கிறது.

போஸ்ட்கிரெஸில் இதற்கென்றே காப்பி என்று ஒரு கட்டளை இருக்கிறது (குடிக்கிற காப்பி இல்லை, ஆனால் இதை ஓடவிட்டுவிட்டு அதைக் குடிக்கப் போகலாம்). ஃபைல் முழுவதும் ஒரே ஓட்டமாக, ஒரே டிரான்சாக்ஷனில் உள்ளே போகும். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் இடறி விழும் இடம் ஒன்று உண்டு. வெறும் காப்பி கட்டளை ஃபைலை சர்வரில் போய்த் தேடும். உங்கள் லேப்டாப்பின் டவுன்லோட்ஸ் ஃபோல்டர் அதற்கு எப்படித் தெரியும்? ஃபைல் சர்வரிலேயே இருந்தாலும் சூப்பர்யூசராகவோ, அல்லது சர்வர் ஃபைலைப் படிக்கும் உரிமை பெற்றவராகவோ இருந்தால்தான் விடும். போஸ்ட்கிரெஸின் கட்டளைத் திரையான பிஎஸ்கியூஎல்லில் காப்பிக்கு முன்னால் ஒரு பேக்ஸ்லாஷ் சேர்த்து எழுதினால் ஃபைலை உங்கள் பக்கத்திலிருந்தே படித்து அனுப்பும், அவ்வளவுதான் வித்தியாசம். மைஎஸ்கியூஎல் என்ற இன்னொரு டேட்டாபேஸில் ஃபைல் ஏற்றும் லோட் டேட்டா கட்டளைக்கு லோக்கல் என்ற சொல்லைச் சேர்க்கிறோமே, அதுவும் இதற்குத்தான். பைத்தானை விட மனமில்லை என்றால் சைக்கோபிஜி 2-இல் காப்பி_எக்ஸ்பர்ட் இருக்கிறது, அதற்குள் இதே கட்டளையைக் கொடுக்கலாம்.

வேகத்துக்கு இது போதும். நடுவில் பிழை வந்து நின்றது என்றீர்களே, எனக்கு அதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல இருக்கிறது.

வெளியிலிருந்து வரும் எந்த ஃபைலையும் நேராக உண்மையான டேபிளுக்குள் ஏற்றாதீர்கள். முதலில் ஒரு ஸ்டேஜிங் டேபிள், வாசல் திண்ணை மாதிரி. அதில் எல்லா ஃபீல்டும் டெக்ஸ்ட் வகை: எண் இல்லை, தேதி இல்லை, பிரைமரி கீ (வரியை அடையாளம் காட்டும் தனித்த மதிப்பு) இல்லை, நாட் நல் (காலியாக விடக் கூடாது என்ற விதி) இல்லை. வந்ததை வந்தபடி உட்கார வைத்துவிட்டு, யார் எவர் என்று விசாரித்து அப்புறம் வீட்டுக்குள் விடலாம். இந்த டேபிளை அன்லாக்டு, அதாவது பதிவேடு எழுதாதது, என்று உருவாக்கினால் வேல் என்ற அந்த மாற்றப் பதிவேட்டை எழுதும் செலவும் மிச்சம். சர்வர் திடீரென்று விழுந்து எழுந்தால் அது காலியாகிவிடும்தான், ஆனால் ஃபைல் கையில் இருக்கும்போது என்ன கவலை.

இதை நான் கற்றது பட்டுத்தான். ஆரம்பத்தில் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் மைஎஸ்கியூஎல். வெளியாள் ஒருவர் விண்டோஸில் தயாரித்து அனுப்பும் பட்டியல், கடைசி ஃபீல்டில் வொய் அல்லது என். லோட் டேட்டா அருமையாக ஓடியது, ஒரு பிழை இல்லை. வொய் என்று இருப்பவற்றை எண்ணினால் சுழியம். கண்ணால் பார்த்தால் வொய்தான், தேடினால் கிடைக்கவில்லை. ஒரு சனிக்கிழமை முழுக்க அதில் போனது. கடைசியில் ஹெக்ஸ் (எழுத்துகளின் பதினாறடிமான எண்) போட்டுப் பார்த்தால் வொய்யின் 59-க்குப் பின்னால் 0டி ஒட்டிக்கொண்டிருக்கிறது, விண்டோஸ் வரியை முடிக்கப் போடும் கேரியேஜ் ரிட்டர்ன். லோட் டேட்டாவுக்கு நாம் சொல்லாவிட்டால் நியூலைன் மட்டுமே வரியின் முடிவு, மற்றது ஃபீல்டின் பகுதி. அதே பட்டியலில் 16 இலக்கக் கணக்கு எண்கள் எல்லாம் சுழியத்தில் முடிந்திருந்தன. யாரோ நடுவில் எக்செலில் திறந்து சேமித்திருக்கிறார்கள். எக்செல் 15 இலக்கம்தான் நினைவில் வைத்திருக்கும், பதினாறாவதைச் சுழியமாக்கிவிடும். இதை எந்த டேட்டாபேஸாலும் திருத்த முடியாது, அனுப்பியவரிடம் மூல ஃபைலைத் திரும்ப வாங்குவது ஒன்றே வழி.

உங்கள் ஜியோநேம்ஸ் ஃபைலுக்கு வருகிறேன். அதில் டேப் பிரித்த 19 ஃபீல்டுகள், தலைப்பு வரி கிடையாது. கடல்மட்ட உயரம் என்ற ஃபீல்டு பெரும்பாலும் காலி, அந்தக் காலி எண் வகைக்குள் போகும்போது பிழை வரும். காப்பியின் டெக்ஸ்ட் வடிவம் நல் (மதிப்பே இல்லை) என்பதை பேக்ஸ்லாஷ் என் என்று எதிர்பார்க்கிறது, இந்த ஃபைலோ வெறுமனே காலியாக விட்டிருக்கிறது. நல்லுக்கு வெற்றுச் சரம் என்று சொல்லிவிட்டால் அது தீரும்.

சரி, சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த) வடிவம் என்று சொல்லி டெலிமிட்டரை (பிரிக்கும் குறியை) மட்டும் டேப் ஆக்கிவிடலாமே என்று தோன்றும், தயவுசெய்து வேண்டாம். சிஎஸ்வி வடிவத்தில் இரட்டை மேற்கோள் குறி வந்தால் அடுத்த மேற்கோள் வரும்வரை எல்லாம் ஒரே ஃபீல்டு, நடுவில் இருக்கும் டேப்பும் புதுவரியும் உள்பட. ஊர்ப்பெயர் ஒன்றில் ஒற்றையாக ஒரு மேற்கோள் கிடந்தால் ஃபைலின் கடைசிவரை விழுங்கிக்கொண்டே போய்ப் பிழை சொல்லும், அது பரவாயில்லை, பிழையாவது வருகிறது. இருநூறு வரி தள்ளி இன்னொரு ஊரின் அதே ஃபீல்டில் இன்னொரு மேற்கோள் கிடந்தால்? முதல் வரியின் முன்பாதியும் அந்த வரியின் பின்பாதியும் சேர்ந்து சரியாக 19 ஃபீல்டு வந்துவிடும். நடுவில் இருந்த இருநூறு ஊர்களும் ஒரே பெயருக்குள் அடங்கிவிடும், ஒரு முணுமுணுப்புகூட வராது. அதனால் சிஎஸ்விதான் வேண்டும் என்றால், மேற்கோள் குறி எது என்று கேட்கும் இடத்தில் பேக்ஸ்பேஸ் எழுத்தைக் கொடுத்துவிடுங்கள். ஊர்ப்பெயரில் பேக்ஸ்பேஸ் இருக்காது. காலியான ஃபீல்டு தானாக நல் ஆகிவிடும், பேக்ஸ்லாஷுக்கும் தனி அர்த்தம் போய்விடும். பார்க்க அசிங்கமான வித்தைதான், நான் பல வருடமாக இதைத்தான் செய்கிறேன்.

ஏற்றி முடித்ததும் வரிகளை எண்ணுங்கள். லினக்ஸில் வரிகளை எண்ணும் டபிள்யூசி கட்டளை சொல்லும் எண்ணும் டேபிளில் இருக்கும் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று வித்தியாசம் என்றால் கடைசி வரியின் முடிவில் நியூலைன் இல்லாதது காரணமாக இருக்கலாம், நூறு வித்தியாசம் என்றால் மேற்கோளைத் தேடுங்கள்.

அப்புறம் ஸ்டேஜிங்கிலிருந்து உண்மையான டேபிளுக்கு ஒரே இன்சர்ட் செலக்ட். வகை மாற்றம், வெட்டி ஒட்டுதல் எல்லாம் இங்கேதான். இந்த ஃபைலில் தேதி வருடம் மாதம் நாள் என்று ஒழுங்காக இருக்கிறது, தொல்லை இல்லை. நம் ஊர் ஃபைல்களில் 03/04/2023 என்று வரும். அதை டேட்டாபேஸின் ஊகத்துக்கு விடாமல், நாள் முதலில் மாதம் அடுத்து என்று டு_டேட் ஃபங்ஷனில் வடிவத்தைக் கொடுத்து மாற்றுங்கள். ஆன் கான்ஃபிளிக்ட் (ஏற்கெனவே உள்ள கீ வந்தால் என்ன செய்வது என்று சொல்லும் பகுதி) வைத்துப் பழையதைப் புதுப்பிப்பதாக இருந்தால் ஒரே கீ ஸ்டேஜிங்கில் இரண்டுமுறை இருக்கிறதா என்று முன்பே பாருங்கள், இருந்தால் ஒரே வரியை இரண்டாம் முறை தொட முடியாது என்று அடம்பிடிக்கும்.

தமிழ்ப் பெயர்களை வைத்துத் தேடுவதாக இருந்தால் ஒன்று. பொள்ளாச்சி என்பதன் முதல் எழுத்தை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ஒகரக் குறியை ஒரே குறியீடாக, அல்லது ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனியாக. திரையில் இரண்டும் ஒரே மாதிரி, டேட்டாபேஸுக்கு இரண்டும் வேறு. வெவ்வேறு இடத்திலிருந்து வந்த இரண்டு பட்டியல்களை ஊர்ப்பெயரால் இணைத்தபோது பொள்ளாச்சியும் கொடைக்கானலும் மட்டும் சேராமல் நின்றன, மதுரையும் திருச்சியும் சமர்த்தாகச் சேர்ந்தன. ஒகர ஓகார எழுத்துகள்தான் காரணம் என்று புரிய இரண்டு நாள் ஆனது. போஸ்ட்கிரெஸ் 13 முதல் இரண்டு விதத்தையும் ஒன்றாக்கும் நார்மலைஸ் என்ற ஃபங்ஷன் இருக்கிறது, ஸ்டேஜிங்கிலிருந்து எடுக்கும்போதே பெயரை அதற்குள் போட்டு எடுங்கள்.

தேடலை வேகமாக்கும் இண்டெக்ஸ்களைக் கடைசியில் உருவாக்குங்கள். காலி டேபிளில் இண்டெக்ஸை வைத்துவிட்டு ஒரு கோடி வரி ஏற்றினால் ஒவ்வொரு வரிக்கும் அதைத் திருத்திக்கொண்டிருக்கும். இந்த வேலைக்கு ஒதுக்கும் நினைவகமான மெயின்டெனன்ஸ்_வொர்க்_மெம் இயல்பாக 64 எம்பிதான், இண்டெக்ஸ் போடும் அந்த செஷனுக்கு மட்டும் 1 ஜிபி ஆக்கினால் நன்றாகவே வேகம் தெரியும். ஏற்கெனவே கோடிக்கணக்கில் வரி உள்ள டேபிளில் சில ஆயிரம் வரி சேர்ப்பதற்கு இண்டெக்ஸை அழித்து மறுபடி போடுவது வீண் வேலை, அப்படியே ஏற்றுங்கள். முடிந்ததும் டேபிளின் புள்ளிவிவரங்களைத் திரட்டும் அனலைஸ் ஓட்ட மறக்காதீர்கள்.

2024-இல் வந்த போஸ்ட்கிரெஸ் 17-இல் ஆன்_எரர் இக்னோர் என்று ஒரு வசதி சேர்த்திருக்கிறார்கள், வகை பொருந்தாத வரியை விட்டுவிட்டு மேலே போகும். யாராவது அதைச் சொல்வார்கள் என்பதால் இதையும் எழுதுகிறேன். எனக்கு அது பிடிக்கவில்லை. விட்டுப்போன வரிகள் ஒரு டேபிளில் சேராது. கடல்மட்ட உயரப் பிழைக்கு அதைப் போட்டால் உயரம் காலியாக இருக்கும் ஊர்கள் அத்தனையும் போய்விடும்.

இன்னொன்று: பாதியில் தோற்ற காப்பி எதையும் சேர்க்காது என்றாலும் அதுவரை எழுதிய வரிகள் டிஸ்க்கில் குப்பையாகக் கிடக்கும். இரண்டு மூன்று முறை முயன்று தோற்றால் ஸ்டேஜிங் டேபிளை டிரங்கேட் செய்துவிட்டு (முழுதாகக் காலியாக்கிவிட்டு) ஆரம்பியுங்கள். நேற்று ராத்திரி உங்கள் ஸ்கிரிப்ட் கமிட் செய்துவிட்டுப் போன பாதி ஊர்களும் உண்மையான டேபிளில் அப்படியே இருக்கும், அதையும் முதலில் காலி செய்துகொள்ளுங்கள்.