ஏழு கல்யாணம் செய்த பார்பரா ஹட்டனின் சொத்து எங்கே போனது?

கேள்வி: ஊல்வொர்த் கடைகளின் வாரிசு பார்பரா ஹட்டனைக் கணவர்களே சுரண்டித் தீர்த்துவிட்டார்களாமே, உண்மையா?

பாதி உண்மை. முதலில் பணம் வந்த வழியைப் பார்க்க வேண்டும், கோளாறு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

தாத்தா பிராங்க் ஊல்வொர்த், ஐந்து சென்ட், பத்து சென்ட் சாமான் விற்றே நியூயார்க்கில் ஒரு வானளாவியைக் கட்டியவர். 1919இல் இறந்தபோது அவருடைய புது உயில் கையெழுத்தாகாமல் கிடந்தது. அதனால் 1889இல் எழுதிய பழைய உயிலே செல்லுபடியானது. அதன்படி சொத்து முழுவதும் மனைவி ஜென்னிக்கு. அவருக்கோ அதற்குள் நினைவு தப்பியிருந்தது. 1924இல் அவரும் போக, சொத்து மூன்று மகள்களின் கிளைகளுக்குப் பிரிந்தது. நடு மகள் எட்னா 1917இலேயே இறந்துவிட்டதால், அந்த மூன்றில் ஒரு பங்கு, இரண்டரைக் கோடி டாலருக்கு மேல், எட்னாவின் ஒரே மகளுக்கு வந்தது. பார்பராவுக்கு அப்போது 11 வயது. அப்பா பிராங்க்ளின் ஹட்டன் பங்குத் தரகர். மகளிடம் பாசமாக இருந்தார் என்று யாரும் சொன்னதில்லை, ஆனால் பணத்தைப் பெருக்கத் தெரிந்தவர். 1933 நவம்பரில் அவளுக்கு 21 முடிந்தபோது கணக்கு சுமார் 4.2 கோடி டாலர். அதன்பின் கையைப் பிடிக்க ஆளில்லை.

அதற்கு ஐந்து மாதம் முன்பே பாரிஸில் முதல் கல்யாணம் முடிந்திருந்தது. மாப்பிள்ளை அலெக்சிஸ் மதிவானி, ரஷ்யாவுக்குப் பக்கத்து ஜார்ஜியா நாட்டிலிருந்து வந்து தன்னை இளவரசர் என்று சொல்லிக்கொண்டவர். 'பிள்ளைகளிடமிருந்து பட்டத்தை வாரிசாகப் பெற்ற ஒரே அப்பா நான்தான்' என்று அவருடைய தந்தையே கேலி செய்ததாகச் சொல்வார்கள்.

அந்தக் கல்யாணத்துக்கு அப்பா கொடுத்த சீர், ஜேட் என்னும் பச்சைக் கல்லில் 27 மணிகள் கோத்த மாலை. மணிகள் ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட கோலிக்குண்டு அளவு. மாணிக்கமும் வைரமும் பதித்த கொக்கியைப் பிறகு 'கார்ட்டியே' என்ற பிரெஞ்சு நகை நிறுவனம் செய்து போட்டது. மாலை மதிவானியின் சகோதரி கைக்குப் போய், 1988இல் 20 லட்சம் டாலருக்கும், 1994இல் 42 லட்சத்துக்கும் ஏலம் போனது. 2014இல் ஹாங்காங்கில் கார்ட்டியே நிறுவனமே அதை 2.74 கோடிக்குத் திரும்ப வாங்கியது. பார்பரா கைவிட்டவற்றில் எத்தனை இப்படி வளர்ந்தன என்று கணக்கெடுத்தால் தலை சுற்றும்.

விவாகரத்து அவருக்கு ஏன் அவ்வளவு சுலபமாக இருந்தது? அன்றைய நியூயார்க் சட்டத்தில் விவாகரத்துக்குக் காரணமாகக் கள்ளத்தொடர்பு ஒன்றுதான் எடுபடும். நெவாடா மாநிலமோ 1931இல், ஆறு வாரம் அங்கே தங்கினால் போதும் என்று விதியைத் தளர்த்திவிட்டது. பார்பரா ரீனோ நகரில் தங்கி, 1935 மே 13 அன்று மதிவானியைப் பிரிந்தார், மறுநாளே அதே ஊரில் டேனிஷ் பிரபு ரெவென்ட்லோவை மணந்தார். மகன் லான்ஸ் 1936இல் பிறந்தான். 1937இல் ஊல்வொர்த் கடைப் பெண்கள் கூலி உயர்வு கேட்டு டெட்ராய்ட்டில் உள்ளிருப்புப் போராட்டம் நடத்தினார்கள். அதே ஆண்டு டிசம்பரில் பார்பரா அமெரிக்கக் குடியுரிமையைத் துறந்தார். பத்திரிகைகள் விடுமா?

மூன்றாமவர் நடிகர் கேரி கிராண்ட் (1942–45). உங்கள் கேள்வி இவரிடம்தான் உடைகிறது. சொத்தில் பங்கு வேண்டாம் என்று கல்யாணத்துக்கு முன்பே எழுதிக் கொடுத்தவர், பிரியும்போதும் ஒரு டாலர் வாங்கவில்லை. அடுத்து கார்ப் பந்தய வீரர் இகோர் ட்ரூபெட்ஸ்காய். ஐந்தாமவர் டொமினிக்கன் தூதர் போர்ஃபிரியோ ருபிரோசா, சுரண்டல் என்ற சொல்லுக்கு முழுத் தகுதி உள்ளவர். 1953 டிசம்பர் 30 அன்று கல்யாணம், 53 நாளில் முறிவு. ரொக்கம், காப்பித் தோட்டம், போலோ குதிரைகள், ஒரு பி-25 விமானம் என்று அவருக்குப் போனது சுமார் 25 லட்சம் டாலர் என்பார்கள். பிறகு ஜெர்மன் டென்னிஸ் வீரர் ஃபான் கிராம், கடைசியாக 1964இல் ரேமண்ட் டோவான். டோவானுக்கு லாவோஸ் இளவரசர் பட்டத்தையே விலைக்கு வாங்கிக் கொடுத்தார்!

ஆனாலும் ருபிரோசாவின் 25 லட்சம் என்பது 4.2 கோடியில் ஆறு சதவீதம்தான். பெரிய ஓட்டை வேறிடத்தில். லண்டன் ரீஜன்ட்ஸ் பூங்காவில் கட்டிய வின்ஃபீல்ட் மாளிகையை 1946இல் அமெரிக்க அரசுக்கு ஒரே ஒரு டாலருக்குக் கொடுத்தார். இன்றும் அமெரிக்கத் தூதர் குடியிருப்பது அதில்தான். மொராக்கோவின் டான்ஜியரில் ஓர் அரண்மனை, மெக்சிகோவின் குவெர்னவாக்காவில் ஜப்பானியப் பாணியில் ஒரு வீடு. எல்லாவற்றுக்கும் ஆள், அம்பு, விருந்து. பார்த்துப் பழகியவர்களுக்கெல்லாம் நகையைக் கழற்றிக் கொடுக்கும் பழக்கம் வேறு. வரவு நின்று முதலே கரையும்போது எந்த 4.2 கோடியும் தாங்காது. சொத்தை நிர்வகித்தவர்கள்மீதும் புகார் உண்டு.

1972இல் லான்ஸ் விமான விபத்தில் இறந்த பிறகு பார்பரா எழுந்திருக்கவே இல்லை. 1979 மே மாதம், 66 வயதில், லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியிலிருந்த பெவர்லி வில்ஷயர் ஹோட்டல் அறையில் இறந்தார். வங்கியில் 3,500 டாலர்தான் மிச்சம் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். அதை அப்படியே நம்ப வேண்டாம், வங்கி இருப்பு வேறு, சொத்து வேறு. உடலை நியூயார்க்கின் உட்லான் கல்லறையில், தாத்தா கட்டிவைத்த கல்லறை மண்டபத்தில் வைத்தார்கள்.