விசா இல்லாமல் எல்லை தாண்டி வந்த ஹைட்டி மக்களை அமெரிக்கா திருப்பி அனுப்பியதில் என்ன தவறு?

விசா இல்லாமல் வந்தாலும் அடைக்கலம் கேட்க உரிமை உண்டு. நாட்டுக்குள் எந்த வழியாக வந்தவரும் விண்ணப்பிக்கலாம் என்று அமெரிக்கச் சட்டமே சொல்கிறது. உயிருக்கு ஆபத்துள்ள இடத்துக்கு அகதியைத் திருப்பி அனுப்பக் கூடாது என்பது 1951 அகதிகள் உடன்படிக்கையின் அடிப்படை விதி.

2021 செப்டம்பரில் டெக்சாசில், மெக்சிகோ எல்லையை ஒட்டிய டெல் ரியோ பாலத்துக்கு அடியில் சுமார் 15,000 பேர் கிடந்தார்கள், பெரும்பாலும் ஹைட்டிக்காரர்கள். சாப்பாட்டுப் பையோடு ஆற்றிலிருந்து கரையேறிய ஒருவரின் சட்டையைக் குதிரைமேல் இருந்த காவலர் பிடித்து இழுக்கும் படம் நினைவிருக்கிறதா? சாட்டையால் யாரையும் அடிக்கவில்லை, ஆனால் தேவையற்ற பலம் பயன்படுத்தப்பட்டது என்றது விசாரணை. அப்புறம் கொரோனாவைக் காரணம் காட்டி, ‘டைட்டில் 42’ என்ற சுகாதார விதியின்கீழ் ஆயிரக்கணக்கானோரை மனுவே கேட்காமல் விமானம் ஏற்றினார்கள். சில மாதம் கழித்து உக்ரைனியர்கள் வந்தபோது அதே விதியிலிருந்து விலக்கு கிடைத்தது. அவர்களை விட்டது சரிதான். கறுப்பின மக்களுக்கு ஏன் அந்தக் கதவு திறக்கவில்லை என்பதே என் கேள்வி.

எங்கள் மதுரையில் ஆனையூர் முகாமில் இலங்கையிலிருந்து வந்த ஒரு பெரியவர் பதிவுத் தாளை மடிப்புக் கிழிந்தும் பிளாஸ்டிக் உறையில் வைத்திருக்கிறார். படகில் வந்தபோது அவரிடமும் விசா இல்லை. இந்தியா அந்த உடன்படிக்கையில் கையெழுத்துப் போடாத நாடு. ஆனாலும் கரையில் அவர் பெயரை எழுதிக்கொண்டார்கள். கையெழுத்துப் போட்ட பல நாடுகளைவிட அதிக வசதியுள்ள அமெரிக்கா, 1968-இலேயே அந்த உடன்படிக்கையின் துணை ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டது. டெல் ரியோவில் அது செய்ய வேண்டியிருந்ததும் அவ்வளவுதான்: பெயரை எழுதி, கதையைக் கேட்டு, பிறகு முடிவெடுப்பது.