மார்கழியில் செத்த நான்கு குட்டிகள்: முதலில் தார்ப்பாயை அவிழுங்கள்

கேள்வி: ஐயா, பென்னாகரம் பக்கம் எங்கள் ஊர். 13 சேலம் கருப்பு வெள்ளாடும் 6 மேச்சேரி செம்மறியும் வைத்திருக்கிறோம். கார்த்திகைக் கடைசியில் 11 வெள்ளாட்டுக் குட்டிகள் பிறந்தன. மார்கழி பிறந்ததிலிருந்து 4 செத்துவிட்டன. மூன்று குட்டிகள் மூக்கில் சளி ஒழுகி, இருமி, பால் குடிக்காமல் கிடந்து செத்தன. ஒன்று முந்தின நாள் நன்றாகத் துள்ளி விளையாடியது, விடிந்து பார்த்தால் விறைத்துக் கிடந்தது. கொட்டகை 18க்கு 10 அடி, தகரக் கூரை, மண் தரை. குளிர் தாக்காமல் இருக்க நாலு பக்கமும் தரைவரை தார்ப்பாய் கட்டி, சாயந்திரம் உள்ளே மூட்டம் போடுகிறோம். தரையில் சுண்ணாம்பும் தூவுகிறோம். மருந்துக் கடையில் ஊசி மருந்து, சளி மருந்து, கல்லீரல் டானிக் என்று 1,400 ரூபாய்க்கு வாங்கிவிட்டோம். குளிருக்கு எந்த ஊசி நல்லது? எத்தனை வாட் பல்பு போடலாம்?

பதில்: பல்பு விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். 100 வாட் குண்டு பல்பு ஒன்று, குட்டிகள் படுக்கும் மூலையில், படுக்கைக்கு இரண்டரை, மூன்று அடி உயரத்தில். எல்.இ.டி. பல்பு வெளிச்சம் மட்டும்தான் தரும், சூடு தராது. வயரில் தொங்கவிடாமல் கம்பி கட்டித் தொங்கவிடுங்கள், தாய் ஆட்டின் வாய்க்கு எட்டக் கூடாது. குட்டிகள் பல்புக்கு நேர் கீழே ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்தால் சூடு போதவில்லை. வட்டத்தை விட்டு விலகிப் படுத்தால் சூடு அதிகம். பிறந்து ஒரு வாரம் வரைதான் இது தேவை. மூன்று வாரம் தாண்டிய உங்கள் குட்டிகளுக்குத் தேவையே இல்லை. குளிருக்கு என்று ஊசி எதுவும் கிடையாது.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது வேறு: குட்டிகள் இரவு முழுக்க எந்தக் காற்றைச் சுவாசிக்கின்றன? உங்கள் பக்கம் மார்கழி விடியற்காலையில் 15, 16 டிகிரி இருக்கும். உடம்பும் படுக்கையும் காய்ந்திருந்தால் மூன்று வாரக் குட்டி அதைத் தாங்கும். ஈரத்தைத் தாங்காது, மூத்திர நெடியைத் தாங்கவே தாங்காது.

நாளை விடியற்காலை ஐந்து மணிக்கு, தார்ப்பாயைத் தூக்குவதற்கு முன், உள்ளே போய்க் குத்தவைத்து, குட்டி படுக்கும் உயரத்துக்கு முகத்தைக் கொண்டுபோய் மூச்சை இழுத்துப் பாருங்கள். கண் எரிந்தால் காரணம் கிடைத்துவிட்டது. நின்றபடி பார்த்தால் ஒன்றும் தெரியாது, நெடி அடியில்தான் கிளம்புகிறது. மூத்திரத்திலுள்ள யூரியா, சாணத்திலுள்ள நுண்ணுயிர்களால் உடைந்து அமோனியாவாகிறது. மூச்சுக்குழாயின் உள்சுவரில் நுண்ணிய மயிர்கள் இருக்கின்றன. தூசியையும் கிருமியையும் மேலே தள்ளிக்கொண்டே இருப்பது அவற்றின் வேலை. அமோனியா அவற்றைச் செயலிழக்க வைக்கிறது. பாஸ்சுரெல்லா வகைக் கிருமிகள் நல்ல ஆட்டின் தொண்டையிலும் சும்மா இருக்கும், தடுப்பு போனதும் நுரையீரலுக்கு இறங்கிவிடும். உங்கள் மூன்று குட்டிகளின் சளி அப்படித்தான் வந்திருக்கும். இதோடு மூட்டப் புகையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். கொசுவுக்கு மூட்டம் வேண்டுமென்றால் ஆடுகளை அடைப்பதற்கு முன், கொட்டகைக்கு வெளியே போடுங்கள்.

சுண்ணாம்பு நல்லதுதானே என்பீர்கள். ஈரமான மூத்திரச் சேற்றின்மேல் தூவினால், அதில் அடங்கிக் கிடக்கும் அமோனியாவையும் அது கிளப்பிவிடும். மேல்மண்ணை நாலு அங்குலம் வெட்டி வெளியே கொட்டி, வெறும் தரையில் சுண்ணாம்பு தூவி, ஒரு பகல் முழுக்க வெயிலும் காற்றும் படவிட்டு, காய்ந்த செம்மண்ணோ கிராவலோ போட்டுத் தட்டி, அதன்மேல் படுக்கை. படுக்கைக்குக் கடலைத்தோல், கேழ்வரகுத் தாள், காய்ந்த சருகு எதுவானாலும் மூன்று அங்குலம். தினமும் நனைந்த இடத்தை மட்டும் அள்ளிவிட்டுப் புதிதாகப் போடுங்கள். குட்டிகளுக்கு ஒன்றரை அடி உயரத்தில் மூங்கில் தட்டுப் பரண் கட்டினால் இன்னும் நல்லது. சட்டங்களுக்கு நடுவே அரை அங்குலத்துக்கு மேல் இடைவெளி விட்டால் குட்டியின் குளம்பு சிக்கும்.

தார்ப்பாயை நாலு பக்கமும் அவிழ்த்துவிடுங்கள். வாடைக்காற்று வரும் வடக்கு, கிழக்குப் பக்கங்களில் தரையிலிருந்து மூன்று அடிவரை மட்டும் சாக்கோ தென்னந்தட்டியோ கட்டினால் போதும். படுத்திருக்கும் குட்டியின் உடம்பில் காற்று நேராக அடிக்காது. அதற்கு மேலே கூரைவரை திறந்தே இருக்கட்டும். மூடிக் கட்டினால் ஆடுகளின் மூச்சு ஈரம் தகரத்தில் போய் நீராகக் கோத்து, விடியற்காலையில் குட்டிகளின் முதுகிலேயே சொட்டும். ‘குட்டி பனியில் நனைந்துவிட்டது’ என்று பலர் சொல்வது இந்த நீரைத்தான்.

இடமும் பற்றாது. பெரிய ஆட்டுக்கு 10 சதுர அடி, குட்டிக்கு 4 என்று போட்டால், 19 ஆடுகளுக்கு 190, பிறந்த 11 குட்டிகளுக்கு 44, ஆக 234 வேண்டியிருந்தது. மிச்சமுள்ள 7 குட்டிகளுக்கு என்று பார்த்தாலும் 218 வேண்டும். உங்களிடம் இருப்பது 180. செம்மறிகள் ஆறையும் வெளியே ஒரு தாழ்வாரத்துக்கு மாற்றுங்கள். அவற்றில் உதடு வீங்குவது, மூக்கில் சளி கட்டுவது, குளம்பு ஓரம் சிவந்து நொண்டுவது தெரிந்தால் நீலநாக்கு நோயா என்று மருத்துவரிடம் காட்டுங்கள். அதைப் பரப்பும் பொடிப்பூச்சி பெருகுவதும் இதே சாணச் சேற்றில்தான்.

நன்றாக விளையாடிய குட்டியின் சாவு வேறு கதை. கொழுத்த, நன்றாகக் குடிக்கும் குட்டி ஒரே இரவில் போனால் முதலில் துள்ளுமாரி என்னும் குடல்நச்சு நோயைச் சந்தேகிக்க வேண்டும். இப்போது கேழ்வரகு அறுத்த காடுகளில் ஆட்டை விட்டிருப்பீர்கள், சிந்திய கதிரைத் தாய் வயிறு முட்டத் தின்று பால் கூடியிருக்கும். அந்தப் பாலை அளவுக்கு மீறிக் குடித்த குட்டியின் குடலில் கிருமி பெருகி நஞ்சாகிறது. நோய் வந்தபின் மருந்துக்கு நேரம் கிடைப்பது அரிது. தாய்க்குச் சினையின் கடைசி மாதத்தில் தடுப்பூசி போட்டிருந்தால் சீம்பால் வழியாகக் குட்டிக்கு எதிர்ப்பு வந்திருக்கும். உறுதியாகத் தெரிய, செத்த குட்டியைப் புதைக்கும் முன் அன்றைக்கே மாவட்டக் கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவுக்கோ அருகிலுள்ள கால்நடை மருத்துவமனைக்கோ கொண்டுபோக வேண்டும். நாலு குட்டி செத்தும் ஒன்றைக்கூட அறுத்துப் பார்க்கவில்லை, ஆனால் 1,400 ரூபாய்க்கு மருந்து வாங்கியாகிவிட்டது. எனக்கு இதுதான் ஆத்திரம்.

மருந்துக் கடைக்காரர் உங்கள் குட்டியைப் பார்க்கவில்லை, சூடு அளக்கவில்லை. எந்த ஊசி அலமாரியில் அதிகம் இருக்கிறதோ அதைக் கொடுப்பார். பாலே குடிக்காத குட்டிக்குக் கல்லீரல் டானிக் எதற்கு? தாய்ப்பால் செய்யாததை அது செய்யாது. நுண்ணுயிர்க்கொல்லி ஊசியை இரண்டு நாள் போட்டுவிட்டு, குட்டி எழுந்ததும் நிறுத்துவது தவறு. அதைத் தொடையின் பின்பக்கச் சதையில் போட்டால் நரம்பில் பட்டுக் கால் இழுத்துக்கொள்ளவும் செய்யும். சளி மருந்தை எப்படி ஊற்றினீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. தலையை அண்ணாந்து பிடித்து ஊற்றியிருந்தால் பாதி நுரையீரலுக்குப் போயிருக்கும். முகம் முதுகு மட்டத்துக்கு மேலே போகக் கூடாது. கடைவாயில் கொஞ்சம் கொஞ்சமாக, விழுங்கவிட்டு ஊற்ற வேண்டும். நல்லெண்ணெய் ஊற்றும் வழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள், நுரையீரலில் எண்ணெய் போனால் மீட்பது கடினம்.

அந்தப் பணத்தில் ஒரு டிஜிட்டல் வெப்பமானி வாங்கியிருக்கலாம். ஆசனவாயில் பக்கச் சுவரைத் தொடும்படி வையுங்கள். 102 முதல் 103.5 டிகிரி பாரன்ஹீட் இயல்பு. 104ஐத் தாண்டி, விலா ஏறி இறங்க மூச்சு வாங்கினால் அன்றைக்கே மருத்துவர். வர வழியில்லை என்றால் 1962க்குக் கூப்பிடுங்கள். 99க்குக் கீழே இருந்தால் வாயில் பால் ஊற்றாதீர்கள், விழுங்கும் சக்தி இருக்காது. துடைத்து, சாக்கில் சுற்றிச் சூடேற்றிய பிறகுதான் பால்.

காலையில் பனி உலர்ந்த பிறகு, ஒன்பது மணிக்கு மேல் ஆடுகளை மேய அவிழ்த்தால் போதும். ஈரப் புல்லின் நுனிவரை குடற்புழுக் குஞ்சுகள் ஏறியிருக்கும். அதுவரை கடலைக்கொடியோ கேழ்வரகுத் தாளோ கட்டிப் போடுங்கள். இரவு அடைக்கும்போதும் பெரிய ஆட்டுக்கு அரைக் கிலோ உலர்தீவனம் கொடுங்கள். நார்த்தீவனம் வயிற்றில் நொதிக்கும்போது வரும் சூடுதான் ஆட்டுக்கு இரவுப் போர்வை. குளிருக்கு இதமாக இருக்கட்டும் என்று சோற்றுக் கஞ்சியும் அரிசியும் ஊற்றினால் வயிறு புளித்து நோவு வரும்.

இனி ஈனும் தாய்களுக்கு ஒன்று. குட்டி பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால், எடையில் ஒரு கிலோவுக்கு 50 மில்லி. இரண்டு கிலோ குட்டிக்கு ஒரு வேளைக்கு 100 மில்லி, முதல் நாளில் நாலு வேளை. நஞ்சுக்கொடி விழட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

கடையில் வாங்கியதில் மீதியிருக்கும் ஊசி மருந்தை அடுத்த மார்கழிக்கென்று எடுத்து வைக்காதீர்கள். குப்பியை அப்படியே கால்நடை மருத்துவரிடம் காட்டி, எத்தனை மில்லி, எத்தனை நாள் போட்டீர்கள் என்று சொல்லுங்கள். மிச்சமுள்ள 7 குட்டிகளில் இருமுபவைக்கு வேறு மருந்து தேவையா என்று அவர் முடிவு செய்யட்டும்.