நண்பர்களோட பாய்மரப்படகுல தீவு தீவா சுத்தி டைவிங், மீன் வேட்டைன்னு போறது நிஜத்துல எப்படி இருக்கும்? செயிலிங் தெரியாதவங்க போலாமா?

நேராவே சொல்லிடறேன், பெரும்பாலும் காத்துக்கிட்டுத்தான் இருப்பீங்க. போட்டோல வர்ற நீலத் தண்ணி, படகு முன்னாடி துள்ளுற டால்ஃபின், சாயங்காலம் கையில கிளாஸ் எல்லாம் உண்மைதான், இல்லைன்னு சொல்லல. ஆனா அதுக்கு நடுவுல வெயில் ஏறட்டும்னு, காத்து திரும்பட்டும்னு, நீரோட்டம் அடங்கட்டும்னு, தண்ணிக்குள்ள போனா மீன் வரட்டும்னு உக்காந்தே கிடக்கணும். அது ஒத்துவர்ற ஆளுன்னா தாராளமா போங்க. ஒத்துவராதுன்னா ஏதாவது ஒரு தீவுல ரூம் போட்டுட்டு டைவ் சென்டர் படகுல போயிட்டு வர்றது எவ்வளவோ மேல், காசும் மிச்சம்.

நான் போனது ரெண்டு பக்கம், பஹாமாஸ், அப்புறம் பிரெஞ்சு பாலினீசியாவுல இருக்கிற துவாமோத்து தீவுகள். ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாத கடல். பஹாமாஸ்ல மைல் கணக்கா மூணு நாலு மீட்டர் தண்ணியிலயே படகு போகும், அடியில மணல் கோடு கோடா தெரியும், அடிப்பகுதி ஆழமா இறங்குற படகுன்னா வயித்துல புளி கரைக்கும். துவாமோத்து அப்படியே தலைகீழ். வெளிய அடி தெரியாத ஆழம், நடுவுல வளையமா ஒரு பவளப்பாறை, அந்த வளையத்துக்குள்ள ஏரி மாதிரி அடங்கின கடல், அதுதான் லகூன். மலையே கிடையாது, தென்னை மர உயரம்தான் தீவோட மொத்த உயரமே, கிட்டக்க போற வரைக்கும் கண்ணுல படாது. ஜிபிஎஸ் இல்லாத காலத்துல எத்தனை கப்பல் அங்க போய் ஏறி உக்காந்திருக்குன்னு கேட்டா ஆச்சரியமே இருக்காது.

லகூனுக்குள்ள போகணும்னா அந்த வளையத்துல இருக்கிற வாய் வழியாத்தான் போகணும், பாஸ்னு சொல்வாங்க. ஏற்ற வற்றத்தோட மொத்தத் தண்ணியும் அந்த ஒரு வாய் வழியாத்தான் போய்வரும். அதுபோக தெற்கேருந்து பெரிய அலை அடிச்சா பாறை மேலயே தண்ணி தாண்டி உள்ள கொட்டும், அதுவும் இதே வாய் வழியாத்தான் வெளிய வரணும், அதனால டைட் டேபிள்ல, அதாவது ஏற்ற வற்ற நேரப் பட்டியல்ல போட்டிருக்கிற நேரத்தை அப்படியே நம்ப முடியாது. எங்க படகு இன்ஜின்ல முக்கித் தக்கி ஆறு நாட், அதாவது மணிக்கு பதினோரு கிலோமீட்டர் போகும், சில பாஸ்ல எதிர்த்து வர்ற ஓட்டம் அதுக்கு மேலயே இருக்கும், அப்போ முழு வேகத்துல முன்னாடி ஓட்டிக்கிட்டே பின்னாடி போயிட்டிருப்பீங்க. வெளிய காத்து எதிர்ல அடிச்சா பாஸ் வாசல்லயே அலை செங்குத்தா எழும்பி நிக்கும். ராத்திரி பூரா ஓட்டிட்டு வந்து விடியக்காலைல பாஸ் வாசல்ல நிக்கும்போது எங்க குரூப்ல ஒருத்தன் "போயிடலாம்டா, பத்து நிமிஷ வேலை"ன்னான். படகு ஓட்டின அண்ணன் பைனாகுலரைக் கூட இறக்கல, "டீ போடு"ன்னார், அவ்ளோதான். பாயைச் சுருட்டி மூணு மணி நேரம் வெளியவே மிதந்துட்டு, ஓட்டம் நின்ன நேரமாப் பார்த்து உள்ள போனோம். துவாமோத்துல ஃபகரவாங்கிற தீவோட வடக்கு பாஸ் மாதிரி ஒண்ணரை கிலோமீட்டருக்கு மேல அகலம்னா கொஞ்சம் தாராளம், எல்லா இடமும் அப்படி இருக்காது.

உள்ள போயிட்டா இன்னொரு காத்திருப்பு. லகூன்ல அங்கங்க அடியிலருந்து தண்ணி மட்டம் வரைக்கும் பவளத் திட்டு எழும்பி நிக்கும், சார்ட்ல, அதாவது கடல் வரைபடத்துல எல்லாமே இருக்கும்னு நினைக்காதீங்க. போலரைஸ்டு கண்ணாடி போட்டுக்கிட்டு ஒருத்தர் முன்னாடி நின்னு பார்த்துச் சொல்லணும். கருநீலம் ஆழம், வெளிர்பச்சை மணல், பழுப்பு தெரிஞ்சா ஒதுங்கு. சூரியன் உச்சியிலயோ முதுகுப் பக்கமோ இருந்தாத்தான் இந்த கலர் தெரியும், அதனால காலைல ஒன்பது பத்துக்கு மேல கிளம்பி மதியம் மூணுக்குள்ள நங்கூரம் போட்டுடணும். மேகம் மூடிட்டா அன்னைக்கு லீவு. நங்கூரமும் சும்மா போட்டா ஆகாது, காத்து திரும்பும்போது சங்கிலி பவளத்துல சுத்திக்கும், படகு இழுக்க இடம் இல்லாம வெடுக் வெடுக்னு அடிக்கும், பவளமும் நாசம். அதுக்கு அங்க எல்லாரும் பண்றது, சங்கிலில இடைவெளி விட்டு மிதவை கட்டி அதைத் தரையிலருந்து தூக்கி வைக்கிறது. முத்துப் பண்ணையிலருந்து பிச்சுக்கிட்டு வந்து கரையில ஒதுங்கின மிதவைகளே நிறைய கிடைக்கும். போட்டு முடிச்சதும் மாஸ்க் மாட்டிக்கிட்டு இறங்கி நங்கூரத்தை நேர்ல பார்த்துட்டு வரணும்.

இப்போ நீங்க ஆசைப்படற மீன் வேட்டை. முதல் விஷயம், சிலிண்டர் கிடையாது. பஹாமாஸ்லயும் பிரெஞ்சு பாலினீசியாவுலயும் ஸ்கூபா போட்டுக்கிட்டு மீன் குத்துறது சட்டப்படி தப்பு, மூச்சைப் பிடிச்சுக்கிட்டுத்தான் போகணும். பஹாமாஸ்ல ட்ரிகர் வச்ச ஸ்பியர்கன்னே கூடாது, ஹவாயன் ஸ்லிங்கும் போல் ஸ்பியரும் மட்டும்தான், அதாவது ரப்பரைக் கையால இழுத்து விடற ஈட்டி. எக்ஸூமா தேசியப் பூங்கா எல்லைக்குள்ள 1986லருந்து ஒரு சிப்பியைக் கூட எடுக்கக்கூடாது. ஏப்ரல் 1லருந்து ஜூலை 31 வரைக்கும் லாப்ஸ்டர் தடை, டிசம்பர்லருந்து பிப்ரவரி வரைக்கும் நசாவ் களவாங்கிற மீனுக்குத் தடை. இதெல்லாம் அப்பப்போ மாறும், நாட்டுக்குள்ள நுழையுறப்போ பர்மிட் வாங்குற இடத்துலயே கேட்டுக்கோங்க.

மூச்சைப் பிடிச்சு இறங்குறதுல ஜாஸ்தி ஆபத்து சுறாவால இல்ல, உங்களால. இறங்குறதுக்கு முன்னாடி வேக வேகமா மூச்சு இழுத்து விட்டா ரொம்ப நேரம் தாங்கும்னு ஒரு நம்பிக்கை இருக்கு, அது உசுருக்கே உலை வைக்கும். வேகமா மூச்சு விட்டா ரத்தத்துல ஆக்சிஜன் பெருசா ஏறாது, கார்பன் டை ஆக்சைடுதான் இறங்கும். மூச்சு வேணும்னு உடம்பு அலறுறதே கார்பன் டை ஆக்சைடு ஏறுறதாலதான், அந்த அலாரத்தை நீங்களே கழட்டி வச்சுட்டீங்க. மேல வரும்போது அழுத்தம் குறைய குறைய நுரையீரல்ல இருக்கிற கொஞ்சநஞ்ச ஆக்சிஜனோட அழுத்தமும் சடார்னு இறங்கும், கடைசி சில மீட்டர்ல லைட் அணைஞ்ச மாதிரி நினைவு போயிடும். பல பேருக்கு தலை மேல வந்து ரெண்டு மூச்சு விட்டப்புறம்கூட போகும். அதனால ஒருத்தர் கீழ, ஒருத்தர் மேல, மேல வந்தவரை அரை நிமிஷமாவது கண் எடுக்காம பார்க்கணும். கீழ இருந்த நேரத்தைப் போல ரெண்டு மடங்காவது மேல மிதந்து ஓய்வு எடுத்துட்டுத்தான் அடுத்த தடவை. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல இறங்கி ஒரே மீனைத் துரத்துறாங்கன்னா அந்த ஜோடியை நான் தண்ணிக்கே அனுப்ப மாட்டேன்.

துரத்துனா மீனும் கிடைக்காது, அது வேற விஷயம். எங்கள்ல நல்லா குத்துறவன் கீழ போய் ஒரு பாறைக்குப் பக்கத்துல படுத்துடுவான், மீனை நேராப் பார்க்கவே மாட்டான், சும்மா மணலைக் கிளறிக்கிட்டு இருப்பான். பாறைன்னு ஒரு மீன் இருக்கு, அதுக்கு என்னடா அதுன்னு ஒரு குறுகுறுப்பு, தானா கிட்ட வந்து திரும்பி விலாவைக் காட்டும், அப்போ ஒரே அடி. களவான்னா பொந்துக்குள்ள பின்வாங்கிடும், அரைகுறையாக் குத்துனா செவுளை விரிச்சு உள்ளயே இறுக்கிக்கும், ஈட்டியும் போச்சு மீனும் போச்சு. அதனால மண்டையில வைக்க முடியும்னாத்தான் அடிக்கணும், இல்லன்னா விட்டுடணும். ரப்பர் இழுக்குறது தண்ணிக்குள்ள மட்டும், டிங்கில, அதாவது கூட வர்ற குட்டிப் படகுல ஏறுறதுக்கு முன்னாடி கழட்டிடணும், இதுல விளையாட்டே கூடாது.

துவாமோத்துல சாம்பல் சுறா நிறைய. ஈட்டி பட்ட மீன் துடிக்கிற சத்தத்துக்கே வந்துடும், ரத்தம் பரவுற வரைக்கும்கூட காத்திருக்காது, காத்திருக்கத் தெரியாதது அங்க அது ஒண்ணுதான். மீனை இடுப்புல கட்டிக்கிறது, வலைப்பையில போட்டு இழுத்துக்கிட்டு நீந்துறது எல்லாம் வேண்டாம், குத்தின உடனே தண்ணிக்கு மேல தூக்கி டிங்கில போட்டுடணும், அதுக்குன்னு டிங்கில ஒரு ஆள் பின்னாடியே வரணும். ரெண்டு மீன் கிடைச்சா அந்த இடத்துல வேலை முடிஞ்சது.

அப்புறம், பிடிச்ச எல்லாத்தையும் தின்ன முடியாது. சிகுவாடெரான்னு ஒரு விஷம், பவளப்பாறை மேல வளர்ற பாசியில ஒட்டியிருக்கிற நுண்ணுயிர்லருந்து வருது. சின்ன மீன் பாசியைத் தின்ன, அதைப் பெருசு தின்ன, மேல மேல சேர்ந்துக்கிட்டே போகும். சீலா, அஞ்சாளை, பெரிய களவா, பெரிய பாறை மீன், இதுங்கதான் ஆபத்து. வேக வச்சாலும் வறுத்தாலும் ஐஸ்ல போட்டாலும் போகாது, ருசியில வாசனையில ஒண்ணும் தெரியாது, ஈ உக்காந்தா நல்ல மீன்ங்கிறதெல்லாம் கட்டுக்கதை. வாந்தி பேதியோட போனாப் பரவால்ல, குளிர்ந்த தண்ணியைத் தொட்டா சுடற மாதிரி இருக்கும், அரிப்பும் மதமதப்பும் வாரக்கணக்குல இழுக்கும். ஒரே தீவுல இந்தப் பக்கத்து மீன் நல்லதா இருக்கும், அந்தப் பக்கத்து மீன் விஷமா இருக்கும், அதனால கரையில இருக்கிற மீனவர்கிட்ட கேட்காம நாங்க ஒண்ணையும் சட்டியில போட்டதில்ல. பஹாமாஸ்ல லயன்ஃபிஷ்னா ஓரளவு மனசு உறுத்தாது, அந்தக் கடலுக்கு வெளியிலருந்து வந்து குட்டி மீனையெல்லாம் தின்னு தீர்க்கிற மீன் அது. முள்ளுலதான் விஷம், கையுறை போட்டு கத்திரிக்கோலால முள்ளை வெட்டிட்டா சதை அருமை. குத்திடுச்சுன்னா தாங்குற சூட்டுல வெந்நீர்ல கையை முக்கி வைக்கணும்.

எல்லா டைவும் வேட்டைக்குன்னு போகாதீங்க. ஃபகரவா தெற்கு பாஸ்ல ஜூன் ஜூலை பௌர்ணமி ஒட்டி ஆயிரக்கணக்குல களவா முட்டை போட வந்து கூடும், அதுங்களுக்காக சுறா நூத்துக்கணக்குல நிக்கும். அங்க ஈட்டியைப் படகுலயே விட்டுட்டு சிலிண்டர் மாட்டிப் போய்ப் பார்த்துட்டு வரணும், என்னைக் கேட்டா மொத்தப் பயணத்துல அதுதான் உச்சம்.

கூட வர்ற ஆளுங்க விஷயம் சுருக்கமா. படகை ஓட்டுறவர் வேணாம்னா வேணாம், ஓட்டெடுப்பு கிடையாது. டேங்க் தண்ணி குடிக்கவும் சமைக்கவும்தான், பாத்திரமும் குளியலும் கடல் தண்ணி, கடைசியா ஒரு சொம்பு நல்ல தண்ணி. புயல் சீசன் பார்த்துக்கோங்க, பஹாமாஸ் பக்கம் ஜூன்லருந்து நவம்பர், தென் பசிபிக்ல நவம்பர்லருந்து ஏப்ரல். ரிட்டர்ன் டிக்கெட்டை மாத்திக்கிற மாதிரி போடுங்க, "சனிக்கிழமை ஃப்ளைட் இருக்கு"ன்னு ஒருத்தர் சொல்றதாலதான் மோசமான காத்துல எத்தனையோ படகு கிளம்புது.

செயிலிங் தெரியாம போலாமான்னு கேட்டிருந்தீங்க. போலாம், ஆனா படகுல ரெண்டு பேருக்காவது முழுசா தெரிஞ்சிருக்கணும், ஏன்னா ஒருத்தருக்கு மட்டும் தெரிஞ்சு, அவரே காய்ச்சல்ல படுத்தாலோ தண்ணில விழுந்தாலோ மத்தவங்க கதி என்ன. உங்க பங்குக்கு ரேடியோல உதவி கேட்குறது, இன்ஜினை ஸ்டார்ட் பண்ணி நிறுத்துறது, நங்கூரத்தை ஏத்தி இறக்குறது, இது மூணையும் முதல் நாளே கத்துக்கோங்க. ஆள் விழுந்தா கத்திட்டு, கையில கிடைக்கிற மிதவையைத் தூக்கிப் போட்டுட்டு, ஒருத்தர் வேற எந்த வேலையும் பார்க்காம அவர் இருக்கிற திசையில விரலை நீட்டிக்கிட்டே நிக்கணும், அலைக்கு நடுவுல ஒரு தலை கண்ணுலருந்து நழுவுறதுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது.