உள்ளே போனது என்ன ஆனது?

அன்புள்ள ஐயா,

நான் கல்லூரி முதலாண்டு மாணவி. பஞ்சு தண்ணீரை உறிஞ்சுகிறது, இலை ஒளியை உறிஞ்சுகிறது, குடல் சத்தை உறிஞ்சுகிறது. எல்லாப் பாடத்திலும் இதே சொல். நடப்பதும் ஒன்றுதானா, இல்லை பெயர் மட்டும்தான் ஒன்றா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

நடப்பது ஒன்றல்ல. ‘உறிஞ்சு’ என்றதும் வாய் வைத்து இழுப்பதுதான் நம் மனதில் வருகிறது. ஒளியை யாரும் இழுப்பதில்லை. விழுந்த ஒளியில் திரும்பியது போக, ஊடுருவிப் போனது போக, மிச்சம் எங்கே என்ற கணக்குக்குத்தான் அங்கே அந்தப் பெயர். அதனால் இந்தச் சொல்லை எங்கே பார்த்தாலும், உள்ளே போனது அப்புறம் என்ன ஆனது என்று கேளுங்கள்.

சாயமிட்ட பருத்தித் துணியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். நூலிழைகளின் இடுக்குகளில் அது பரவுகிறது. ஆனாலும் தண்ணீராகவே இருக்கிறது, பிழிந்தால் வரும். இப்போது அந்த இடத்தின் நிறத்தைக் கவனியுங்கள், சுற்றிலும் உள்ளதைவிட அடர்ந்து தெரியும். காய்ந்த துணியில் இழையும் காற்றும் மாறி மாறி இருப்பதால் ஒளி சிதறிச் சீக்கிரமே வெளியே வந்துவிடும். காற்றிருந்த இடத்தில் தண்ணீர் புகுந்ததும் சிதறல் குறைந்து, ஒளி இன்னும் ஆழமாகப் போய்ச் சாயத்திடம் அகப்படுகிறது. அகப்பட்டது வெப்பமாகிவிட்டது. எவ்வளவு பிழிந்தாலும் அது வராது. ஒரே ஈரப்புள்ளியில் இரண்டு உறிஞ்சுதல்! எனக்கு இது பார்க்கப் பார்க்க அலுப்பதே இல்லை.

ஒலியும் வெப்பமாகத்தான் முடிகிறது. 1895-இல் அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில், பேச்சு எதிரொலித்துக் குழம்பிய ஓர் அரங்கைச் சரிசெய்ய முனைந்த இயற்பியலாளர் வாலஸ் சபின், இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து போட்டு, ஒலி அடங்க எத்தனை நொடி ஆகிறது என்று அளந்தார். அவர் எடுத்துக்கொண்ட அளவுகோல் திறந்த ஜன்னல். அதன் வழியே போன ஒலி திரும்பாது. அறையைப் பொறுத்தவரை உறிஞ்சப்பட்ட கணக்குதான்.

குடல் கதையே வேறு. அது தனக்கென்று வைத்துக்கொள்வதில்லை, ரத்தத்துக்குக் கடத்திவிடுகிறது. சிறுகுடல் செல்லின் மேற்பரப்பில் ஒரு புரதம் இருக்கிறது. இரண்டு சோடியம் அயனியும் ஒரு குளுக்கோஸும் சேர்ந்து வந்தால் உள்ளே விடும். இப்படி ஒரு ஜோடிப் பயணம் நடக்கிறது என்று 1960-இல் உயிர்வேதியியலாளர் ராபர்ட் கிரேன் முன்வைத்தார். அவை போகும் பின்னாலேயே தண்ணீரும் போகிறது. கடும் வயிற்றுப்போக்கில் உப்பும் சர்க்கரையும் அளவாகக் கலந்த கரைசல் உயிரைக் காப்பது இதனால்தான். காலரா நச்சு குடலை என்ன பாடு படுத்தினாலும், இந்த ஒரு வாசலை அடைப்பதில்லை.