டெக்சாஸில் நின்றுபோன உதவித்தொகை: வழக்குப் போடலாமா?

கேள்வி (ஜூலை 2021): ஹூஸ்டனில் ஊபர் ஓட்டுகிறேன். கிரீன் கார்டு இருக்கிறது. கொரோனாவில் சவாரி படுத்ததும் வேலையிழப்பு உதவித்தொகையும் கூடவே வாரம் 300 டாலரும் வந்தது. ஜூன் 26-உடன் எல்லாம் நின்றுவிட்டது. கலிஃபோர்னியாவில் இருக்கும் என் மச்சானுக்கு செப்டம்பர் வரை உண்டாம். மே மாதத்தின் இரண்டு வாரத் தொகையையும் மறுத்து இப்போது கடிதம் வந்திருக்கிறது. வழக்குப் போடலாமா? குடியுரிமைக்கு இடைஞ்சல் வருமா?

பதில்: முதலில் அந்தக் கடிதத்தை எடுங்கள். அதில் அஞ்சல் செய்த தேதி இருக்கும். அன்றிலிருந்து 14 நாட்களுக்குள் அப்பீல் செய்தாக வேண்டும். உங்கள் கைக்கு வந்த நாள் கணக்கில்லை. திட்டம் நின்றுபோனாலும், நிற்பதற்கு முந்தைய வாரங்களில் உங்களுக்குத் தகுதி இருந்தால் அந்தப் பணம் உங்களுடையதுதான். மறுத்த காரணத்தை வரி விடாமல் படியுங்கள். அந்த இரண்டு வாரத்துக்கான ஊபர் ஸ்டேட்மென்ட், வங்கிக் கணக்கு, வரித் தாக்கல் நகல் மூன்றையும் எடுத்து வையுங்கள். விசாரணை பெரும்பாலும் போனில்தான் நடக்கும்.

அப்புறம், மச்சான் விஷயம். இந்த உதவியைச் செப்டம்பர் 6 வரை நீட்டித்த மார்ச் மாதச் சட்டத்துக்கு ஒரு குடியரசுக் கட்சி உறுப்பினர்கூட ஓட்டுப் போடவில்லை. பணம் ஃபெடரல் அரசுடையது என்றாலும், மாநிலம் ஒப்பந்தம் போட்டுத்தான் கொடுக்கிறது. 30 நாள் நோட்டீஸ் கொடுத்து விலக மாநிலத்துக்குச் சட்டமே வழிவிட்டிருக்கிறது. டெக்சாஸின் குடியரசுக் கட்சி ஆளுநர் அபட் அந்த வழியில்தான் விலகினார். உதவி நின்றால் ஆட்கள் வேலைக்குத் திரும்புவார்கள் என்பது அவர்கள் கட்சியின் வாதம். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாதவர் எப்படித் திரும்புவார் என்று ஜனநாயகக் கட்சியினர் கேட்கிறார்கள். என் மனம் இரண்டாவது பக்கம்தான். ஆனால் ‘அங்கே உண்டு, இங்கே இல்லை’ என்பது மட்டும் கோர்ட்டில் நிற்காது. இந்தியானாவில் ஒரு நீதிபதி மறுபடி கொடுக்கச் சொன்னது உண்மை. அது அந்த மாநிலச் சட்டத்தை வைத்து வந்த உத்தரவு. டெக்சாஸை அது கட்டுப்படுத்தாது. தனியாக வழக்குப் போட்டுக் கைக்காசைக் கரைக்காதீர்கள்.

குடியுரிமை பற்றிய பயம் வேண்டாம். வேலையிழப்புத் தொகையை ‘அரசுக்குச் சுமை’ என்ற கணக்கில் சேர்ப்பதில்லை. ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது: சவாரிக் காசைத் தெரிந்தே மறைத்திருந்தால் அது பொய்த் தகவல், குடியுரிமை நேர்காணலில் கிளறுவார்கள். எந்த வாரத்திலாவது குறைத்துக் காட்டியிருந்தால், அப்பீல் எழுதும் முன் அங்கேயே ஒரு வக்கீலை நேரில் பார்த்துச் சொல்லிவிடுங்கள். வக்கீலைத் தேடுவதிலேயே 14 நாளும் ஓடிவிடக் கூடாது.